கோடாக்குரோம் சுருளை இ-6-இல் கழுவினால் படம் மிஞ்சாது

'வீட்டில் கிடக்கும் பழைய சூப்பர் 8 கோடாக்குரோமை எந்த இ-6 ஆய்வகத்தில் கொடுத்தாலும் வண்ணத்தில் கிடைக்கும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (கோடாக்குரோம் என்பது கோடாக் நிறுவனம் முன்பு தயாரித்த வண்ணப் பிலிம்; சூப்பர் 8 என்பது வீட்டுப் படங்கள் எடுக்கப் பயன்பட்ட சிறிய சினிமா பிலிம் அளவு; இ-6 என்பது ஸ்லைடு வகை வண்ணப் பிலிம்களைக் கழுவும் ரசாயன முறை.) தயவுசெய்து யாரும் இதை நம்பிச் சுருளை அனுப்பிவிடாதீர்கள்.

எக்டாகுரோம் 100டி போன்ற சுருள்களில் சாயத்தை உருவாக்கும் கப்ளர்கள் என்னும் வேதிப்பொருள்கள் ஒளியுணர் அடுக்குகளிலேயே இருக்கின்றன. அதனால்தான் அவற்றுக்கு இ-6 பொருந்துகிறது. கோடாக்குரோமில் கப்ளர்களே கிடையாது. அதற்கென்றே இருந்த கே-14 முறையில் கழுவும்போது சிவப்பு, நீலம், பச்சை உணரும் அடுக்குகளுக்கு வெவ்வேறு டெவலப்பர்கள் (படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்கள்) வழியாகக் கப்ளர்கள் தனித்தனியே சேர்க்கப்பட்டன. இ-6-இல் சாயம் உருவாக வழியில்லை. பிறகு ப்ளீச், ஃபிக்ஸர் என்னும் ரசாயனங்கள் படத்தைத் தாங்கியிருக்கும் வெள்ளியை முழுவதும் கரைத்துவிடும். கையில் வருவது வெறும் பிலிம். போதாக்குறைக்கு, அதன் பின்புறக் கரிப்பூச்சு உரிந்து ஆய்வகத்தின் ரசாயனத்தையும் மற்றவர்களின் சுருள்களையும் கெடுக்கும்.

கே-14 செய்துவந்த கடைசி ஆய்வகம், கான்சாஸில் உள்ள டுவெயின்ஸ் போட்டோ, 2010 டிசம்பர் 30-க்குப் பிறகு சுருள்களைப் பெறவில்லை.

இருந்தாலும் அந்தச் சுருளைத் தூக்கி எறிய வேண்டாம். கறுப்பு வெள்ளையாகக் கழுவலாம். பழையது என்பதால் மூட்டம் படிந்திருக்கும்; ஆனாலும் முகங்கள் தெரிய நல்ல வாய்ப்பு உண்டு. கரிப்பூச்சை நீக்கத் தெரிந்த, பழைய சினிமா பிலிம்களைக் கையாளும் ஆய்வகமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.