சிம்லிங்க் போட்டால் மட்டும் போதாது, அது எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்

டிஸ்க் நிறைந்ததும் பெரிய ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுப் பழைய இடத்தில் சிம்லிங்க் (புது இடத்தைக் காட்டும் குறுக்குவழி) போடுவது நல்ல வழிதான். ஆனால் லிங்குக்குள் இருப்பது ஒரு பாதையின் எழுத்துகள் மட்டுமே. அந்தப் பாதையில் ஏதாவது இருக்கிறதா என்று லிங்க் உருவாகும்போது லினக்ஸ் பார்ப்பதே இல்லை. தப்பாக எழுதினாலும் சத்தமில்லாமல் உருவாகிவிடும்.

பாதையைப் பாதியாகக் கொடுத்தால் அது லிங்க் இருக்கும் ஃபோல்டரிலிருந்துதான் கணக்காகும், கட்டளை அடிக்கும்போது நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அல்ல. புதியவர்களின் லிங்க் உடைவது பெரும்பாலும் இதனால்தான். வேறு டிஸ்க்குக்குப் போகும் லிங்குக்கு ரூட்டிலிருந்து, அதாவது / என்று தொடங்கி, முழுப் பாதையையே கொடுங்கள்.

செய்யும் வரிசையும் முக்கியம். முதலில் அந்த ஃபோல்டரைப் பயன்படுத்தும் புரோகிராமை நிறுத்துங்கள். உரிமையாளர், பெர்மிஷன் மாறாமல் காப்பி செய்யுங்கள். பழைய ஃபோல்டரை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி, அந்த இடத்தில் லிங்க் போடுங்கள். எல்லாம் சரியாக ஓடிய பிறகு பழையதை அழிக்கலாம். 'பெர்மிஷன் இல்லை' என்று வந்தால் லிங்கைச் சந்தேகப்பட வேண்டாம், லிங்கின் பெர்மிஷனை லினக்ஸ் கண்டுகொள்வதில்லை. புதுப் பாதையில் வரும் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் நுழைய, அந்த புரோகிராம் ஓடும் யூசருக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் டேட்டாவை இப்படி மாற்றினால், எந்த புரோகிராம் எந்த ஃபைலைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஆப்ஆர்மரும் தடுக்கும். அது பார்ப்பது லிங்க் போய்ச் சேரும் உண்மையான பாதையை.

நான் அடித்துச் சொல்வது ஒன்று உண்டு. லிங்கை மவுண்ட் பாயிண்டுக்கே (புது டிஸ்க் இணைக்கப்படும் ஃபோல்டருக்கே) காட்டாதீர்கள், அதற்குள் ஒரு துணை ஃபோல்டர் உருவாக்கி அதற்குக் காட்டுங்கள். ஒருநாள் டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டால், மவுண்ட் பாயிண்ட் வெறும் ஃபோல்டராக நிற்கும். எழுத அனுமதி இருந்தால் புரோகிராம் அதற்குள்ளேயே எழுதி, சிஸ்டம் இருக்கும் ரூட் டிஸ்க்கை நிரப்பும். மறுபடி மவுண்ட் செய்ததும் அந்த ஃபைல்கள் அடியில் மறைந்துவிடும். துணை ஃபோல்டராக இருந்தால் லிங்க் உடைந்து உடனே எரர் வரும். அந்த எரர்தான் உங்கள் டேட்டாவைக் காப்பாற்றுகிறது.

பேக்கப்பையும் சோதியுங்கள். பேக்கப்புக்குப் பயன்படும் டார் கட்டளையும், -a கொடுத்து ஓட்டும் ஆர்சிங்க் கட்டளையும் லிங்கை லிங்காகவே எடுக்கும், அது காட்டும் ஃபைல்களை எடுக்காது. புது இடத்தையும் பேக்கப் பட்டியலில் சேருங்கள்.

விண்டோஸில் லிங்க் போடும் எம்கேலிங்க் கட்டளைக்கு, லினக்ஸின் எல்என் கட்டளையோடு ஒப்பிட்டால் வரிசை தலைகீழ்: முதலில் லிங்கின் பெயர், பிறகு இலக்கு. ஃபோல்டர் லிங்கை நீக்க ஆர்எம்டிஐஆர் மட்டுமே பயன்படுத்துங்கள். டெல் கொடுத்தால் இலக்கு ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைல்களே அழியும்.