மதுரை ஆட்சியாம், ஆட்சி!

பொங்கலோ தீபாவளியோ, காலையில் டிவியைப் போட்டால் பட்டிமன்றம். தலைப்பு எதுவாக இருந்தாலும் சரி, பத்தாவது நிமிடத்தில் பேச்சு பொண்டாட்டி ஜோக்கில் வந்து நிற்கும். அங்கிருந்து நேராக, "அது கிடக்கட்டும், உங்க வீட்டுல மதுரையா, சிதம்பரமா?" மீனாட்சியின் ஊரான மதுரை என்றால் பொண்டாட்டி ஆட்சி, நடராஜரின் ஊரான சிதம்பரம் என்றால் புருஷன் ஆட்சி. அரங்கம் குலுங்கும். பெண்களும்தான் சிரிக்கிறார்கள். கேமரா அவர்களைத்தான் தேடிப் போய்க் காட்டும்.

வெளியூர்க்காரர்களுக்கு இது பண்டிகை நாள் ஜோக். மதுரையில் குடியிருக்கிற எனக்கு இது அன்றாடம். என் வீட்டுக்காரர் மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் எதிர்வீட்டு மாமா, "என்ன மாப்ள, மதுரை ஆட்சி பலமா நடக்குது போல?" என்கிறார். அண்ணா நகர் உழவர் சந்தையில் அவர் தனியாக நின்று கத்தரிக்காய் பொறுக்கினால் அதற்கும் இதே பேச்சு. நான் காயப்போட்டால் அது துணி, அவர் காயப்போட்டால் ஆட்சி மாற்றம்.

சரி, கோயில் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் செய்து கையில் செங்கோல் கொடுக்கிறார்கள். மறுநாள் திக்விஜயம், அதற்கு மறுநாள் கல்யாணம். ஆவணி மூலத் திருவிழா வந்ததும் சுவாமிக்குப் பட்டம் கட்டிவிடுகிறார்கள். ஆக, அம்மனுக்கே பன்னிரண்டு மாதத்தில் நாலு மாதம்தான். எட்டுத் திக்கையும் ஜெயித்து வந்தவளுக்கே அவ்வளவுதான் என்றால், விடியுமுன் குக்கர் வைக்கிற எனக்கு எத்தனை நாள் எழுதி வைத்திருக்கிறார்கள்? (அம்மனைக் குறை சொல்லவில்லை. பங்கு பிரித்தவர்களைத்தான் கேட்கிறேன்.)

ஆட்சி என்றால் ஒருவர் உத்தரவு போட, வேறு யாரோ செய்ய வேண்டும். எங்கள் வீடுகளில் ராணியும் நாங்கள்தான், படை பரிவாரமும் நாங்கள்தான், பாத்திரம் துலக்குகிற ஆளும் நாங்கள்தான். மத்திய அரசே 2019-இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண் அதற்காக ஒரு நாளில் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். இந்த 97-ஐப் பார்த்துப் பரவாயில்லையே என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது, வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. நூறு ஆண்களில் 26 பேர்தான் அந்தக் கணக்குக்குள்ளேயே வருகிறார்கள். இதற்குப் பெயர் மதுரை ஆட்சி!

இந்த ஊரில் ஒரு பெண் செய்த வேலையை வேலையாகவே விட்டுவைக்க மாட்டார்கள். அதை உருவி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மகிமையைச் செருகிவிடுவார்கள். கண்ணகியையே பாருங்கள். பழக்கமில்லாத ஊர், துணைக்கு ஆளில்லை, கையில் ஒற்றைச் சிலம்பு. நேரே அரசவைக்குப் போய், "தேரா மன்னா" என்று ஆரம்பிக்கிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று முதலிலேயே சொல்லி வைக்கிறாள். ராஜா தங்களுடையது முத்து என்கிறான். அப்புறம் உடைத்துக் காட்டுகிறாள். வாக்குமூலம், தடயம், நிரூபணம், எல்லாம் சுத்தம். அந்தப் பகுதிக்குப் பெயரே வழக்குரை காதை. ஒரு வக்கீல் இவ்வளவு கச்சிதமாக வழக்கு நடத்தினால் காலத்துக்கும் அந்த வாதத்தைப் பேசுவோம். ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து நாம் மனப்பாடம் செய்தது கற்புக்கரசி என்ற பட்டத்தைத்தான். வாதாடியவளைக் கற்பின் அளவுகோலாக்கி, அந்தக் கோலைக் கொண்டு மாதவியில் தொடங்கி, ராத்திரி ஒன்பது மணிக்கு மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண் வரை அளக்கிறார்கள்.

மங்கம்மாள் கதைதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். கணவர் இல்லை, மகனும் இறந்துபோக, கைக்குழந்தையான பேரனை வைத்துக்கொண்டு 1689-இல் நாட்டுப் பொறுப்பை எடுத்தவர். சாலை போட்டார், சத்திரம் கட்டினார், மரம் நட்டார். ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இன்றும் நிற்கிறது. அவர் இருந்த தமுக்கம் அரண்மனையில்தான் இப்போது காந்தி மியூசியம். இத்தனைக்கும் ஊர் ஒரு காரணம் சொல்லும், கேட்டிருக்கிறீர்களா? ஒரு நாள் ஞாபக மறதியாக இடது கையால் வெற்றிலை போட்டுவிட்டாராம். அந்தப் பாவம் தீரத்தான் இவ்வளவு தர்மமும் செய்தாராம். திருமலை நாயக்கர் மகால் கட்டினால் கலை ஆர்வம். மங்கம்மாள் சாலை போட்டால் வெற்றிலைப் பரிகாரம்! நாட்டுக்குச் சாலை வேண்டும் என்று ஒரு பொம்பளை யோசித்திருப்பாள் என்பதை மட்டும் நம்ப மனசு வராது.

சினிமாவுக்கு வந்தால் மதுரைப் பெண் என்பவள் தாவணியும் மல்லிகையும். ஒன்று அருவாளைத் தூக்குவாள், இல்லை அருவாள் தூக்கியவனுக்காக அழுவாள். அதிலும் நெல்லைப் பக்கத்து "ஏலே"யை எங்கள் வாயில் திணித்துவிடுகிறார்கள். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனால் இருட்டோடு எழுந்து, மொட்டு விரியுமுன் குனிந்து குனிந்து பறிக்கிற பெண்களின் இடுப்பை எந்தக் கேமராவும் அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை. பாட்டில் ஆடுகிற இடுப்புக்குத்தான் குளோசப். தெருமுனையில் பூக்கட்டி விற்கிற அக்கா படத்தில் வந்தால் நாயகனுக்குத் தூது போவதற்காக மட்டும் வருவார்.

பழைய இலக்கியமே அப்படித்தான் என்று சிலர் கிளம்பி வருவார்கள். "வினையே ஆடவர்க்கு உயிரே" என்ற குறுந்தொகை வரியைச் சொல்லி, வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு ஆண்தான் உயிர் என்று முடிப்பார்கள். அந்த வரி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. இதே ஊரைப் பாடிய மதுரைக்காஞ்சியில் வயதான பெண்கள் வீடு வீடாகப் போய் விற்பனை செய்வதும்தான் இருக்கிறது. மேடையில் அதை யாரும் எடுப்பதில்லை, ஏனென்றால் அதில் கைதட்டு விழாது.

அப்புறம் பிளக்ஸ். மதுரையைப் பற்றிப் பேசிவிட்டு பிளக்ஸைப் பேசாமல் போனால் பாவம். எங்கள் தெரு முக்கில் போன மாதம் ஒன்று வைத்தார்கள். பூப்புனித நீராட்டு விழா. நடுவில் தலையில் கிரீடத்தோடு அந்தப் பிள்ளை, சுற்றிலும் கூலிங்கிளாஸ் போட்ட தாய்மாமன்கள், சித்தப்பாக்கள், அவர்களின் நண்பர்கள், ஓரத்தில் ஒரு சிங்கம் வேறு. சிங்கத்துக்குக் கிடைத்த இடம் அவளைப் பெற்றவளுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளை ஏழாவதோ எட்டாவதோ படிக்கும். கணக்கில் எவ்வளவு எடுக்கிறாள், என்ன விளையாடுகிறாள் என்று ஊருக்குச் சொல்ல ஒருவரும் பிளக்ஸ் அடித்ததில்லை. உடம்பில் நடந்ததைச் சொல்ல மட்டும் நாலு முக்கிலும் நிறுத்துகிறார்கள். மறுநாள் அவள் அதே முக்கைத் தாண்டித்தானே பள்ளிக்கூடம் போக வேண்டும்?

அரசியல் பிளக்ஸ் மட்டும் என்ன ஒழுங்கு? உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016-இல் சட்டம் வந்தது. ஜெயித்தவர் அந்த அம்மா. ஆளுயரத்துக்குக் கும்பிடு போடுவது அவர் வீட்டுக்காரர். அம்மாவின் படம் ஸ்டாம்ப் சைஸில் மேலே ஒரு மூலையில், கட்சித் தலைவர்களோடு சேர்ந்து தொங்கும். இதைப் பார்த்து யாராவது "சிதம்பரம் ஆட்சி போல" என்று சிரித்து நான் கேட்டதில்லை.

எங்கள் அலுவலகத்தில் மார்ச் 8 வந்தால் போதும், கோலப் போட்டி, அடுப்பில்லாச் சமையல் போட்டி, ஆளுக்கொரு ரோஜா. முடிவில் மேலதிகாரி பேசுவார், பெண்கள் இந்த நாட்டின் கண்கள் என்று. வீட்டில் செய்கிற வேலையையே ஆபீஸிலும் செய்யவைத்து, அதற்கு டிபன் பாக்ஸைப் பரிசாகக் கொடுப்பார்கள். இந்தத் தடவை பெயர் கேட்டு வந்தவரிடம், கோலப் போட்டிக்கு ஆண்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், மாவு நான் அரைத்துத் தருகிறேன், நடுவராகவும் வருகிறேன் என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், "மேடம் வீட்டுல மதுரையோ?" என்றார்.

ஆமாம் தம்பி, மதுரைதான். பெயரை எழுதும்.