கேஸ் ஏஜென்சியை மாற்றுவது என் உரிமை, யாரும் தருகிற சலுகை இல்லை

பரமக்குடியில் இருந்த என் கேஸ் இணைப்பைப் புது ஊருக்கு மாற்றித் தரச் சொல்லிப் போன வாரம் இங்குள்ள ஏஜென்சிக்குப் போனேன், ட்ரான்ஸ்ஃபர் இல்லை, புது இணைப்பும் அடுப்பும் எடு என்று சொல்லிவிட்டார்கள். அங்கே நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அன்றைக்கே எழுதிவிட்டேன், மறுபடி முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. "இஷ்டம்னா புது கனெக்‌ஷன் எடுங்க, இல்லாட்டி பரமக்குடியிலேயே போய் சிலிண்டர் வாங்கிக்கங்க" என்று அந்தக் கவுண்டரில் இருந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாரே, அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதைவிட வலிப்பது அதற்குப் பிறகு வந்த அறிவுரைகள். "விடும்மா, ஒரு அடுப்பை வாங்கிப் போட்டுட்டு வேலையைப் பாரு." சொந்தக்காரர்களே சொல்கிறார்கள். ஏன் விட வேண்டும்?

நான் கேட்டது சலுகை இல்லை. உச்சிப்புளிக்கு வீடு மாறி வந்திருக்கிறேன். பரமக்குடியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பழைய இணைப்பை முடித்ததற்கு அவர்கள் தரும் டெர்மினேஷன் வவுச்சரோடு வந்திருக்கிறேன். அந்த வவுச்சரைக் காட்டினால் புது ஊரில் பழைய வாடிக்கையாளராகவே கனெக்‌ஷன் தர வேண்டும், முறை அதுதான். பக்கத்திலேயே வீடு மாறுகிறவர்கள் அதே கம்பெனியில் இருந்தால் சிலிண்டரைக்கூடத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, பெயரை அடுத்த ஏஜென்சிக்கு மாற்றினால் போதும். கம்பெனியே வேண்டாம் என்றாலும் சரி, இண்டேன், பாரத் கேஸ், ஹெச்பி இந்த மூன்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். 2014இலேயே நாடு முழுக்க நூற்றுக்கணக்கான மாவட்டங்களுக்கு இந்த வசதியைக் கொண்டுவந்துவிட்டார்கள். கம்பெனியின் இணையதளத்துக்குள் போனால் நம் பகுதிக்கு வரும் ஏஜென்சிகளின் பட்டியலே வரும், பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். இவ்வளவும் இருக்கும்போது "ட்ரான்ஸ்ஃபர்லாம் இப்ப இல்லைம்மா" என்று ஒருவர் எப்படிச் சொல்ல முடிகிறது?

புது கனெக்‌ஷன் எடு என்று ஏன் தள்ளுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 2022 ஜூனில் 14.2 கிலோ சிலிண்டருக்கான டெபாசிட்டை 1,450 ரூபாயிலிருந்து 2,200 ஆக்கினார்கள். ரெகுலேட்டருக்கு 150 இருந்தது 250 ஆனது. அந்த டெபாசிட் கம்பெனிக்குப் போகிற பணம். ஏஜென்சிக்குக் காசு அடுப்பில்தான் இருக்கிறது. "எங்ககிட்ட அடுப்பு எடுத்தாத்தான் கனெக்‌ஷன்" என்பதன் அர்த்தம் இதுதான். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள அடுப்பை நான் எந்தக் கடையிலும் வாங்கலாம், வீட்டில் இருப்பதையே வைத்தும் எரிக்கலாம், ஏஜென்சியில்தான் வாங்கியாக வேண்டும் என்று ஒரு கட்டாயமும் கிடையாது. என் அடுப்பு நன்றாக எரிகிறது. நான் எதற்கு இன்னொன்று வாங்க வேண்டும்?

"எல்லா கம்பெனி கேஸும் ஒண்ணுதானே, விலையும் ஒண்ணுதானே, மாத்தி என்ன கிடைக்கப் போகுது?" என்று கேட்பீர்கள். ஆமாம், வீட்டு சிலிண்டர் விலை ஓர் ஊரில் மூன்று கம்பெனிக்கும் ஒன்றுதான். அதனால்தான் சொல்கிறேன். விலைக்காக யாரும் மாற்றப் போவதில்லை. புக் பண்ணினால் சொன்ன நாளில் வருகிறதா, பில்லில் போட்ட தொகையைத்தான் வாங்குகிறார்களா, எடை போட்டுக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் காட்டுகிறார்களா, இதற்காகத்தான் மாற்றுவோம். மரியாதைக்காக மாற்றுவோம். அந்த ஒரு வழியையும் அடைத்துவிட்டால், எப்படிப் பேசினாலும் இவள் இங்கேதான் வந்து நிற்பாள் என்ற தைரியம் அவர்களுக்கு வராமல் என்ன செய்யும்?

கரண்ட்டில் நமக்குத் தேர்வே கிடையாது. மும்பையில் சில பகுதிகளில் வீட்டுக்காரர்கள் டாடாவா அதானியா என்று மாற்றிக்கொள்ளலாம். இங்கிலாந்தில் கரண்டும் கேஸும் யாரிடம் வாங்குவது என்பதை ஒவ்வொரு வீடும் தானே முடிவு செய்கிறது. நமக்கு மின்வாரியம் ஒன்றுதான். அதில் எனக்குக் குறை இல்லை, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறது, தனியார் வந்தால் அது நிலைக்குமா என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் அடுப்பங்கரைக்கு வருவதில் நாமே தேர்ந்தெடுக்க முடிந்தது இந்த கேஸ் ஒன்றுதான். அதையும் ஒருவர் தன் இஷ்டத்துக்கு இல்லை என்கிறார்.

ஏஜென்சிக்காரர்கள் பாவம், ஆள் பற்றாக்குறை, கடற்கரை ஊர்களுக்கு வண்டி போக மணல் பாதை என்றும் சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டும். சிலிண்டரைத் தோளில் தூக்கி வரும் தம்பிமேல் எனக்குக் கோபமே இல்லை, வெயிலில் அவர் படும் பாடு எனக்குத் தெரியும். கவுண்டரில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஒரு வவுச்சரை வாங்கிப் பார்க்க என்ன ஆள் பற்றாக்குறை?

அம்மா தேவிபட்டினம் பக்கம் வாழ்ந்தவள். சீமைக்கருவேல விறகில் சமைத்துச் சமைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். கேஸ் வந்தபோது வண்டி ஊருக்குள் வராது, மெயின் ரோட்டு டீக்கடையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள், அப்பா சைக்கிளில் கட்டி எடுத்து வருவார். உப்புக்காற்றில் சிலிண்டரின் அடிவளையம் துருப்பிடித்து, தூக்கினால் தரையில் செம்பழுப்பாக ஒரு வட்டம் தெரியும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாள், போகாது. பில்லுக்கு மேலே கேட்பார்கள், கொடுப்பாள். ஏம்மா என்று கேட்டால் "கொண்டாந்து தர்றதே பெருசுடி" என்பாள். கடைசி வரை அப்படியே இருந்துவிட்டுப் போய்விட்டாள். இப்போது என்னையும் அதையே சொல்லச் சொல்கிறீர்கள். என்னால் முடியாது.

இந்த ராமநாதபுரம் மாவட்டத்து மண்ணிலிருந்துதான் இயற்கை எரிவாயு எடுக்கிறார்கள், வழுதூரில் அதை வைத்து மின்சாரம் செய்கிறார்கள். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. அந்த வாயு வேறு, சிலிண்டரில் வருவது வேறு என்று திருத்த வராதீர்கள், எனக்கும் தெரியும். நாட்டுக்கு இவ்வளவு கொடுக்கிற ஊர்க்காரிக்கு ஒரு சிலிண்டர் மாற்றித் தர இவ்வளவு அலட்சியமா என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "வீட்டு ஆம்பளைய வரச் சொல்லுங்க" என்று அந்தக் கவுண்டரில் இருந்தவர் சொன்னாரே, அதைப் போன பதிவில் எழுதவில்லை. எழுதக் கூசியது. வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார், கனெக்‌ஷன் அவர் பெயரில் இருக்கிறது. குடும்பத்துக்குள் பெயர் மாற்ற அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும், கையெழுத்தோடு அதையும் கொண்டுபோயிருந்தேன். வாங்கிப் பார்க்கவே இல்லை. கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம் என்று இந்தக் கரை முழுக்க ஆம்பளைகள் வெளிநாட்டிலோ கடலிலோதான் இருக்கிறார்கள். இங்கே குடும்பம் நடத்துவது யார்? மீட்டர் ரீடிங் பார்க்க வந்தால் நிற்பதும், ரேஷனுக்குப் போவதும், வாடகை வீடு தேடி அலைவதும் யார்? அந்தப் பெண்ணிடம் போய் ஆம்பளைய வரச் சொல் என்றால், அவள் அடுப்பை எப்படித்தான் பற்ற வைப்பாள்?

வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கப் போகிறேன். கம்பெனி இணையதளத்திலும் புகார் பதிந்தாகிவிட்டது. உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் பக்கம் யாருக்காவது இதே மாதிரி ட்ரான்ஸ்ஃபர் இல்லை, அடுப்பு எடு என்று சொல்லியிருந்தால் வவுச்சர் நகலோடு வாருங்கள், சேர்ந்தே கொடுப்போம். இனிமேல் போகிறவர்கள் முடியாது என்பதைப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டேன். எழுதித் தரவில்லை.