சைக்கிளுக்கு ரோடு இல்லையென்றால் பிளாட்பாரம் என்ன பாவம் செய்தது?

போன வாரம் இங்கே ரங்கூனில் நம் தமிழ் ஆட்களுக்குள் ஒரு வாக்குவாதம். அனோரத்தா ரோட்டில் பூ வாங்கிக்கொண்டு திரும்பிய ஒரு பாட்டியை, பிளாட்பாரத்தில் வந்த சைக்கிள் இடித்துவிட்டது. பெரிய அடி இல்லை, முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் பேச்சு பெரிதாகிவிட்டது. "இந்தப் பசங்களை நாலு சாத்து சாத்தணும்" என்று ஒரு கூட்டம். "ரோட்டிலும் விடமாட்டீங்க, பிளாட்பாரத்திலும் விடமாட்டீங்க, சைக்கிளைத் தலையில் தூக்கிக்கிட்டா போவான்?" என்று இன்னொரு கூட்டம். நான் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் என்பதால் இரண்டு கூட்டமும் என்னைப் பார்த்தது. அந்தச் சத்தத்தில் பேச முடியவில்லை, இங்கே எழுதுகிறேன்.

பெரியவர்கள் பிளாட்பாரத்தில் சைக்கிள் ஓட்டக்கூடாது. ரங்கூன் டவுனுக்குள் நிச்சயமாகக் கூடாது. ஆனால் அதே மூச்சில் "சைக்கிளை ரோட்டில் விடு" என்றும் சொல்லாதவர்கள் இந்தப் பையன்களைத் திட்டுவதில் நியாயம் இல்லை. இதுதான் என் கட்சி.

கதை 2003 வாக்கில் தொடங்குகிறது. மோட்டார் சைக்கிளுக்கு நகரத்தில் தடை வந்தது, கூடவே முக்கிய ரோடுகளில் சைக்கிளுக்கும் வந்தது. மோட்டார் சைக்கிளை ஏன் நிறுத்தினார்கள் என்பதற்கு ஒவ்வொரு டீக்கடையிலும் ஒரு கதை உண்டு. யாரோ பெரிய அதிகாரியின் காரை யாரோ இடித்தார்களாம், கை காட்டினார்களாம். எது நிஜமோ. சைக்கிள் என்ன தப்பு செய்தது என்பதற்குக் கதைகூடக் கிடையாது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றார்கள், முடிந்தது. அப்புறம் 2011, 2012-ல் கார் இறக்குமதியைத் தளர்த்தினார்கள். ரோடு கார்களால் நிரம்பியது. இடைஞ்சல் என்று ஓரங்கட்டிய சைக்கிள் இல்லாமலேயே சூலே பகோடாவைச் சுற்றி முக்கால் மணி நேரம் நகராமல் உட்கார்ந்த நாட்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

தடை போட்டதும் சைக்கிள் காணாமல் போய்விடவில்லை. காலையில் அவித்த பட்டாணி விற்கிற அம்மா, தண்ணீர்க் கேன் போடுகிற பையன், கூரியர்க்காரர், ஊருக்கு வெளியே லைங்தாயாவில் தையல் ஃபேக்டரிக்குப் போகிற பெண்கள், எல்லோருக்கும் சைக்கிள்தான் வண்டி. டவுனில் நம்பர் போட்ட குறுக்குத் தெருக்களுக்குள் சைக்கிளும் சைக்காவும் (பக்கத்தில் ஆள் உட்காரும் சைக்கிள் ரிக்‌ஷா) எப்போதும் போல ஓடுகின்றன. குறுக்குத் தெரு முடிந்து பெரிய ரோடு வரும் இடத்தில்தான் சிக்கல். போக வேண்டிய இடம் நாலு தெரு தள்ளி இருக்கும். ரோட்டில் ஏறினால் போலீஸ்காரர் நிறுத்தலாம், இல்லாவிட்டால் பஸ் உரசலாம். அவன் பிளாட்பாரத்தில் ஏறுகிறான். திமிரில் ஏறவில்லை, வேறு வழி வைக்கவில்லை.

சரி, அவன் ஏறுகிற அந்தப் பிளாட்பாரம் எப்படி இருக்கிறது? (வெளிநாட்டுச் சொந்தங்களும் படிப்பதால் சொல்கிறேன்.) கீழே சாக்கடை, மேலே சிமெண்ட் பலகை. ஒரு பலகை ஆடும், ஒன்று உடைந்திருக்கும், ஒன்று இருக்கவே இருக்காது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கினால் எது பலகை, எது ஓட்டை என்று காலை வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதன்மேல் டீக்கடையின் குட்டி ஸ்டூல்கள், வெற்றிலைக் கடை, மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) அண்டா, பழக்கூடை. கரண்ட் போனால் ஒவ்வொரு கடையும் ஜெனரேட்டரை வெளியே இழுத்து வைக்கும், புகை நம் முகத்துக்கு நேரே வரும். மேல்மாடி வீடுகளிலிருந்து கயிறு தொங்கும், நுனியில் கிளிப், அதில் பேப்பரோ இட்லிப் பொட்டலமோ மேலே ஏறிக்கொண்டிருக்கும். இவ்வளவுக்கும் நடுவே நடக்க மிஞ்சுவது ஒரு ஆள் அகலம். எதிரே ஒருவர் வந்தால் யாராவது ஒதுங்கி நிற்க வேண்டும்.

இதில் எங்கே சைக்கிள் விடுவது? கடைகளைத் தூக்கினால் இடம் வரும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் கடைகளால்தான் இந்த ஊர் சாப்பிடுகிறது, அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

நடப்பவரின் பக்கம் நின்று பாருங்கள். சாதாரணமாக நடக்கிறவர் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் போவார். மெதுவாக மிதிக்கும் சைக்கிளே அதைப்போல மூன்று மடங்கு வேகம். பின்னால் வருவது காதில் விழாது. இப்போது பேட்டரி சைக்கிள் வேறு, மிதிக்கிற சத்தம்கூட இல்லை. பெல் அடித்தால் வயதானவர்கள் பயந்து எந்தப் பக்கம் விலகுவது என்று தெரியாமல் சைக்கிளுக்கு நேராகவே வந்து நிற்பார்கள். கண் தெரியாதவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரோட்டில் சைக்கிள்காரன் காருக்குப் பயப்படுகிற அதே பயத்தை, பிளாட்பாரத்தில் பாட்டி சைக்கிளுக்குப் படுகிறார். ஊரிலேயே வண்டி எதுவும் வராத இடம் என்று அவருக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு ஆள் அகலம்தான்.

பிளாட்பாரம் பத்திரம் என்று நினைக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பத்திரம் இல்லை. நம் டவுன் வெள்ளைக்காரன் கோடு போட்டு வைத்த கட்டம் கட்டமான ஊர். கொஞ்சத் தூரத்துக்கு ஒரு தெருவாய். தெருவிலிருந்து வெளியே வருகிற டாக்சி டிரைவர் ரோட்டில் வரும் வண்டியைப் பார்ப்பார், பிளாட்பாரத்தில் நடக்கும் ஆளைப் பார்ப்பார். பிளாட்பாரத்திலிருந்து பாய்ந்து இறங்கும் சைக்கிளை அவர் எதிர்பார்க்கவே மாட்டார். ஒவ்வொரு தெருவாயிலும் நீங்கள் அவருக்கு முன்னால் திடீரென்று முளைக்கிறீர்கள்.

ஜப்பான்காரர்கள் பிளாட்பாரத்தில்தானே ஓட்டுகிறார்கள் என்று அந்த வாக்குவாதத்தில் ஒரு தம்பி கேட்டார். உண்மைதான். கார் விபத்தில் ஆட்கள் செத்துக் குவிந்த காலத்தில், 1970-ல், குறிப்பிட்ட நடைபாதைகளில் சைக்கிளை ஏற்ற அங்கே சட்டம் இடம் கொடுத்தது. (அதே 1970-ல்தான் நம் நாட்டில் வண்டி ஓட்டுவதை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றினார்கள். யாரோ ஜோசியர் சொன்னார் என்று அதற்கும் ஒரு டீக்கடைக் கதை உண்டு.) கொடுத்ததைத் திரும்ப வாங்க ஜப்பான்காரர்கள் இன்றைக்கும் திணறுகிறார்கள். குழந்தைகள், எழுபது வயதைத் தாண்டியவர்கள், உடல் ஊனமுற்றவர்கள் போகலாம். மற்றவர்களுக்கு அறிவிப்புப் பலகை அனுமதித்த இடத்தில் மட்டும், அதுவும் மெதுவாக. 2026 ஏப்ரல் முதல் பதினாறு வயதைத் தாண்டிய சைக்கிள்காரர்கள் விதி மீறினால் அபராதச் சீட்டு என்று சட்டமே கொண்டுவந்தார்கள்.

சிங்கப்பூரில் என் தங்கை மகன் வேலை பார்க்கிறான். அங்கே நடைபாதையில் சைக்கிள் விடலாம், மணிக்கு 10 கிலோமீட்டர்தான் உச்சம். 2019 நவம்பரில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை நடைபாதையிலிருந்து ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். "அது சரிதான் மாமா, ஆனா இங்கே நடைபாதையில் ஜெனரேட்டர் இல்லையே" என்றான் அவன். அவ்வளவுதான் வித்தியாசம்! ஜெர்மனியின் விதி எனக்குப் பிடித்தது: எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் நடைபாதையில்தான் ஓட்ட வேண்டும், பத்து வயது வரை ஓட்டலாம், அதற்குமேல் கிடையாது. நம் ஊரிலும் சின்னப் பிள்ளைகள் பிளாட்பாரத்தில் போகட்டும். மற்றவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும். தள்ளினால் எந்தப் பாட்டியும் திட்டமாட்டார்.

ஆனால் தண்ணீர்க் கேன் பையனிடம் நாலு தெருவுக்குத் தள்ளிக்கொண்டே போ என்று எத்தனை நாளைக்குச் சொல்வது? அவனுக்கு ரோடு வேண்டும். ரோட்டில் இடமா இல்லை? ஸ்ட்ராண்ட் ரோட்டில் 2016-ல் ஜப்பான் டிராம் விட்டுப் பார்த்தார்கள், அந்த வருஷமே நின்றுபோனது. டிராமுக்கே இடம் கிடைத்த ரோட்டில் சைக்கிளுக்கு ஒரு ஓரம் கிடைக்காதா? அனோரத்தா ரோட்டையும் மகாபந்துலா ரோட்டையும் பாருங்கள். ஓரத்தில் வரிசையாக நிறுத்திய கார்கள், சில இடத்தில் அதற்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை. ஆள் இல்லாத காருக்கு ரோட்டில் இடம் இருக்கிறது, ஆள் மிதிக்கிற சைக்கிளுக்கு இல்லை. நடப்பவனும் மிதிப்பவனும் ஒரு ஆள் அகலத்துக்காக அடித்துக்கொள்கிறார்கள், அந்தக் கார் சும்மா நிற்கிறது.

அந்த வரிசையை ஒட்டிச் சைக்கிளில் போவது நம் நாட்டில் மற்ற ஊர்களைவிட ஆபத்து. நாம் ஓட்டுவது வலது பக்கம், ஆனால் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள், ஸ்டீயரிங்கும் வலது பக்கம். ஆக டிரைவர் பிளாட்பாரப் பக்கம் இறங்குகிறார். ரோட்டுப் பக்கம் கதவைத் திறப்பவர் பயணி. அவருக்குக் கண்ணாடியில் பின்னால் பார்க்கும் பழக்கம் கிடையாது, படாரென்று திறப்பார். அதனால் வெறும் கோடு போட்டுச் சைக்கிள் பாதை என்று பேர் வைத்தால் போதாது. காரை ஒரு கதவு அகலம் தள்ளி நிறுத்த வேண்டும், அல்லது அந்த வரிசையையே எடுத்துவிட்டு, பிளாட்பாரத்தை ஒட்டிச் சைக்கிளுக்குக் கொடுக்க வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. எல்லா ரோட்டிலும் வேண்டாம், கிழக்கு மேற்காகப் போகும் ஒரே ஒரு ரோட்டில் ஆரம்பித்தால் போதும்.

என் மச்சான் இதைப் படித்துவிட்டு, "அப்போ காரை எங்கே நிறுத்துவதாம்?" என்று கண்டிப்பாகக் கேட்பார். அவருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: மச்சான், உங்கள் வீட்டு வாசலில் பழைய டயரையும் ரெண்டு செங்கல்லையும் வைத்துப் பிடித்து வைத்திருக்கிறீர்களே, அந்த இடத்துக்கு உங்களிடம் பட்டா இருந்தால் கமெண்டில் போடுங்கள், அப்புறம் பேசுவோம்.