கேட்டா பிச்சையா?

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்துல நடந்ததை சுங்கை சிப்புட் ஆளுங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாட்சப்ல சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. பல்கலைக்கழகத்துக்கு முன்னாடி மலேசிய அரசாங்கம் நடத்துற மெட்ரிகுலேஷன் படிப்புல நம்ம இந்தியப் பிள்ளைங்களுக்கு இடம் கேட்டு, பிள்ளைங்க கையெழுத்து வாங்க வந்தாங்க. நம்ம அண்ணன் மைக்கைப் பிடிச்சு, "கோட்டா கேக்கறது பிச்சை எடுக்கறது. போய்ப் படிங்கடா"ன்னுட்டார். அதுக்குக் கைத்தட்டல் வேற.

கேக்காம நமக்கு எது கிடைச்சது, அண்ணே?

2002-க்கு முன்னாடி மெட்ரிகுலேஷன் பக்கமே நாம போக முடியாது. அப்புறம் நூத்துக்குப் பத்து இடம், அதுவும் சீனர், இந்தியர் எல்லாருக்கும் சேர்த்து. 2012-ல இந்திய மாணவர்களுக்கு 1,500 இடம்னு அறிவிச்சாங்க. 2007 நவம்பர் 25 இந்தியர் உரிமை கேட்டு கோலாலம்பூர்ல திரண்டு கண்ணீர்ப்புகை வாங்கின ஹிண்ட்ராஃப் கூட்டம் இல்லைன்னா அந்த 1,500 வந்திருக்குமா? நான் நம்பமாட்டேன்.

தமிழ்நாட்டைப் பாருங்க. வகுப்புவாரி ஒதுக்கீடு செல்லாதுன்னு 1951-ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. சரி, தீர்ப்பு வந்தாச்சுன்னு பெரியார் வீட்டுக்குப் போயிட்டாரா? போராட்டம் வெடிச்சது. அந்த வருஷமே அரசியல் சட்டத்தைத் திருத்தினாங்க.

இங்கேயே 2024-ல, மலாய்க்காரர், பூர்வகுடிகளுக்குன்னே இருக்கிற யூஐடிஎம் பல்கலைக்கழகத்து மாணவர்கள், தங்களோட இடத்தை மத்த இனத்துக்குத் திறக்கக்கூடாதுன்னு கறுப்புச் சட்டை போட்டாங்க. அவங்க கேட்டதுல எனக்கு உடன்பாடு இல்லை. ஆனா அவங்க வீட்டுப் பெரியவங்க யாரும் மைக்ல ஏறிப் பிச்சைன்னு சொல்லலையே!

"எஸ்பிஎம்ல, அதான் அஞ்சாம் படிவப் பரீட்சையில, 10 ஏ எடுத்தா எந்த இனமா இருந்தாலும் மெட்ரிகுலேஷன் இடம் உண்டுன்னு பிரதமர் சொல்லிட்டாரே"ன்னு வருவீங்க. நல்ல விஷயம், வரவேற்கிறேன். 10 ஏ எடுக்கிற பிள்ளை எப்படியும் கரையேறிடும். தம்பியைக் குளிப்பாட்டி, சோறு வடிச்சு வச்சுட்டு, ஓடிப் போய் பஸ் பிடிச்சு 6 ஏ எடுக்குதே தோட்டத்துப் பிள்ளை, அதுக்கு என்ன பதில்?

வசதியான வீட்டுப் பிள்ளைங்களும் கோட்டாவுல நுழையுதுங்களேன்னா, உண்மைதான். அதை இன்னொரு நாள் பேசுவோம்.

தகுதியா? நான் 1998-ல எஸ்பிஎம். அம்மா இருட்டோட பெரட்டுக்கு, தோட்டத்துல வேலைக்குப் பேர் கூப்பிடுற இடத்துக்குப் போவாங்க, நான் லயத்து முனையில பஸ்ஸுக்கு நிப்பேன். மெட்ரிகுலேஷன் இல்லாததால பல்கலைக்கழகத்துக்கு ஆறாம் படிவம் ரெண்டு வருஷம், இரவல் புத்தகம். டியூஷனுக்காக அம்மா அடகு வச்ச தோடு மூழ்கியே போச்சு. கெமிஸ்ட்ரியில கவுந்தேன். எஸ்பிஎம்ல என்னைவிடக் குறைச்சலா எடுத்த மலாய்க் கூட்டாளி மெட்ரிகுலேஷன்ல ஒரே வருஷத்துல முடிச்சுப் பல்கலைக்கழகம் போயிட்டான். அவன் மேல கோபமில்லை. இன்னிக்கும் பெருநாளைக்கு அவன் வீட்டுல ரெண்டாங் சாப்பிடுறவன்தான் நான்.

அண்ணன் மகள் தனியார் கல்லூரியில மருத்துவம் படிக்குது. நல்லா இருக்கட்டும். அந்த இடத்துக்கு எவ்வளவு கட்டினீங்கன்னு நாங்க யாரும் மைக்ல கேக்கலை.

மண்டபத்துல மூணாவது வரிசையில எங்கம்மா உக்காந்திருந்தாங்க. "பிச்சை"ன்னு நீங்க சொன்னப்ப அவங்க என்னைத் திரும்பிப் பாக்கலை, அண்ணே. முந்தானை நுனியைச் சுருட்டிக்கிட்டே இருந்தாங்க. முப்பது வருஷம் பால்மரம் வெட்டின கை அது.

பிள்ளைங்களோட கையெழுத்துப் பாரம் மளிகைக் கடையில இருக்கு. நேத்து சாயந்திரம் அம்மா தனியா நடந்து போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டாங்க. பேரன் இப்பத்தான் ஆரம்பப்பள்ளியில முதலாம் ஆண்டு.