1995-ல் இணையம் இலவசமா?

"அரசு இணையத்தை இலவசமாத்தான் கொடுத்தது, தனியார் வந்துதான் காசு வாங்க ஆரம்பிச்சான்" என்று வேலூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

1995 ஆகஸ்ட் 15-ல் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் திறந்தபோதே கட்டணம் இருந்தது. படம் தெரியும் இணைப்புக்குத் தனிநபர் கட்ட வேண்டியது 15,000 ரூபாய்; கிடைத்தது 250 மணி நேரம். மாணவர் கணக்கு மலிவு, ஆனால் திரையில் வெறும் எழுத்துதான். போன் பில் தனி. தொடக்கத்தில் பெருநகரங்களில் மட்டுமே இணைப்பு என்பதால், வேலூர் சத்துவாச்சாரிக்காரர் சென்னைக்கு எஸ்டிடி (வெளியூர் அழைப்பு) போட்டாக வேண்டும். கணினியைப் போன் லைனில் இணைக்கும் மோடம் கீச்சிடும்போதே மீட்டர் ஓடும்!

அரசுப் பணத்தில் நடந்தது எர்நெட் என்ற கணினி வலையமைப்பு. மத்திய மின்னணுத் துறையும் ஐநா வளர்ச்சித் திட்டமும் 1986-ல் தொடங்கியது. சென்னை ஐஐடி போன்ற கல்வி நிறுவனங்களுக்கானது, வீடுகளுக்கல்ல. வீடுகளுக்கு இணையம் விற்க 1998 நவம்பரில் தனியாருக்குக் கதவு திறந்தது. கட்டணம் மளமளவென இறங்கியது அதற்குப் பிறகுதான்.