மலாயா அவசரகாலம் 'சீனர் விவகாரம்' மட்டும்தானா?

"அவசரகாலம் சீனருக்கும் வெள்ளைக்காரனுக்கும் நடந்த சண்டை, நம்ம தோட்டத்து ஆட்களை அது தொடவே இல்லை" என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க பிரிட்டிஷ் அரசு 1948-ல் கொண்டுவந்த அவசரகாலத்தைத்தான் சொல்கிறார். அரசு வேலி போட்டு அமைத்த புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள்தான், அது சரி. மற்றது தவறு.

நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். 1948 ஜூன் 16 அன்று மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுடப்பட்டது எங்கள் ஊர்ப்பக்கத் தோட்டங்களில்தான். பிரிட்டிஷ் அரசு அவசரகாலத்தை அறிவித்தது அதையொட்டித்தான். ஆனால் அதற்குச் சில நாள் முன்பே தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தி, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தை முடக்கிவிட்டார்கள். அதன் தலைவர் எஸ்.ஏ.கணபதி தமிழர்தானே? துப்பாக்கி வைத்திருந்தார் என்று குற்றம் சாட்டி 1949 மே 4-ல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். தோட்டத் தொழிலாளர்கள் கூலிக்காகக் கூடிப் பேசவே அஞ்சினார்கள். தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது 1954-ல்தான்.

அப்புறம் முள்வேலி. சிதறிக் கிடந்த லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) ஒரே இடத்தில் சேர்த்து வேலி போட்டதும், அரிசியை அளந்து கொடுத்ததும் தோட்டங்களிலும் நடந்தது. காட்டில் இருக்கும் கெரில்லாக்களுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது கேட்டில் தூக்குச்சட்டியைத் திறந்து காட்டிய கதையை என் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார் (சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், அந்தப் பழக்கம் போகவே இல்லை). அவசரகாலம் முடிந்தது 1960 ஜூலை 31-ல். பன்னிரண்டு வருடம் தம்பி.